இரண்டாவது புதர்

இந்தப் பதிவு சற்று நீளமானது, பொறுமையுள்ளவர்கள் தொடர்க. ஆய்வேட்டின் மூன்றாம் இயலை முடித்துக் கொடுக்க வேண்டிய மாதத்தில் ஒரு கணினி விளையாட்டைப் பற்றி இவ்வளவு எழுதுவது முறையல்ல என்பதை அறிவேன். ஆயினும் அந்த இயலுக்கும் இந்த விளையாட்டுக்கும் என் தம்பிக்கும் இடையே ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. அதை எழுதித் தீர்த்தால்தான் இயல் நகரும் போலிருக்கிறது. தம்பியிடம் அனுமதி கேட்டேன். "எழுதிக்கோ, எம் பேரு மட்டும் வேண்டாம்" என்றான்.

நான் புனேவுக்கு வந்து இது ஏழாவது ஆண்டு. மொழியியலில் முதுகலை முடித்து, பழந்தமிழ்ப் போர்ச்சொற்களின் பொருள்மாற்றம் குறித்து முனைவர் பட்டத்துக்காக ஆய்ந்துவருகிறேன். எரவாடாவை ஒட்டிய தெருவொன்றில் மூன்றாம் மாடியில் ஓர் அறை. தம்பி பாளையங்கோட்டையில் பெற்றோருடன் இருக்கிறான். என்னைவிட ஆறு வயது இளையவன். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வீட்டில் முடங்கியிருந்த மாதங்களில், அவனுடைய பழைய கணினியில், 'வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்' என்ற விளையாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தான். நான் புனேவுக்குத் திரும்பிய பிறகும் வாரத்தில் இரண்டு இரவுகளாவது இருவரும் சேர்ந்து ஆடுவோம். கைப்பேசியில் பேச்சு, கணினியில் போர். அம்மாவுக்கு இது கடைசிவரை பிடிபடவே இல்லை. "ரெண்டு பேரும் பேசிக்கிடுதியளா, சண்டை போடுதியளா?" என்று கேட்பார்.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெலாரஸ் நாட்டின் மின்ஸ்க் நகரில் தோன்றிய வார்கேமிங் நிறுவனம் 2010இல் வெளியிட்டது. ஓர் அணிக்குப் பதினைந்து டாங்கிகள், எதிரணிக்கும் பதினைந்து. ஓர் ஆட்டம் மிஞ்சினால் பதினைந்து நிமிடம். கவசம் தடித்த கனரக டாங்கிகள், நடுத்தர டாங்கிகள், தொலைவிலிருந்து டாங்கிகளை அழிக்கும் டிடிகள், வானுயரக் குண்டெறியும் ஆர்ட்டிகள், இவற்றோடு லைட் டாங்கிகள். இந்த லைட் டாங்கிதான் வேவுகாரன். ஆடுவோர் வழக்கில் ஸ்கவுட். அதன் கவசம் தகரம் போன்றது, பீரங்கியும் பெரிதன்று. அதன் வேலை பார்ப்பது.

இந்த விளையாட்டில் பார்ப்பது என்பது விந்தையான ஒன்று. எதிரி டாங்கி என் கண்ணெதிரே வெட்டவெளியில் நின்றாலும், என் அணியில் ஒருவராவது அதைக் கண்டறியும் வரை அது என் திரையில் வரையப்படுவதே இல்லை. புல்லும் மேடும் மட்டுமே தெரியும். ஒருவர் கண்டறிந்ததும் அது மற்றவர் திரைகளிலும் தோன்றிவிடும். ஆகவே நல்ல ஸ்கவுட் ஒருவன் பதினான்கு பேருக்குக் கண்ணாக இருக்கிறான். எவ்வளவு கூர்ந்த பார்வையாக இருந்தாலும் 445 மீட்டருக்கு அப்பால் எவரும் எவரையும் கண்டறிய முடியாது. 50 மீட்டருக்குள் வந்துவிட்டாலோ சுவருக்குப் பின்னால் இருந்தாலும் தெரிந்துவிடும். இடைப்பட்ட தொலைவில் எல்லாம் கணக்கு. பார்ப்பவனின் பார்வைத் தொலைவு 400 மீட்டர், மறைந்திருப்பவனின் மறைவுத்திறன் நூற்றுக்கு நாற்பது என்று வைத்துக்கொண்டால், 260 மீட்டருக்குள் வந்தால்தான் காண முடியும். புதருக்குப் பின்னால் நின்றால் மறைவு கூடும், அசைந்தால் குறையும், சுட்டால் சரியும். லைட் டாங்கிக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. ஓடும்போதும் அதன் மறைவு குறைவதில்லை. ஆனால் சுட்டால் அதற்கும் சரிவுதான்.

எதிரணியின் ஸ்கவுட்டை எதிர்கொள்வது எப்படி என்று தம்பி எனக்குச் சொல்லிக்கொடுத்தவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறேன். புதிதாக ஆடுவோர்க்கும் பயன்படும்.

முதலாவது, பல்பு. நாம் கண்டறியப்பட்டால் மூன்று விநாடி கழித்துத் திரையில் ஒரு பல்பு எரியும். 'ஆறாம் அறிவு' என்பது அதன் பெயர். மூன்று விநாடி என்பது போரில் நீண்ட காலம். பல்பு எரியும்போதே எதிரியின் குண்டு பாதி வழி வந்திருக்கலாம். புதியவர்கள் அப்போது செய்யும் பிழை, எங்கிருந்து பார்க்கிறான் என்று நின்று தேடுவது. தேடக் கூடாது. உடனே மேட்டுக்கோ கட்டடத்துக்கோ பின்னால் போய்விட வேண்டும். ஒருமுறை கண்டுவிட்டால் பார்வையிலிருந்து மறைந்த பின்னும் சில விநாடிகள் நம் உருவம் அவர்கள் திரையில் நிற்கும். ஆகவே பத்து வரை எண்ணிவிட்டுத்தான் வேறெதையும் நினைக்க வேண்டும்.

இரண்டாவது, புதரின் உள்ளே நின்று சுடாதிருப்பது. புதரிலிருந்து 15 மீட்டருக்குள் நின்று சுட்டால் அந்தப் புதர் தரும் மறைவு போய்விடும். 15 மீட்டருக்குச் சற்று அதிகமாகப் பின்வாங்கிச் சுட்டால் புதர் நமக்குத் திரையாகவே இருக்கும். நமக்கும் இலைதான் தெரியும் என்றாலும், முன்னால் இருக்கும் நம் ஸ்கவுட் காட்டிக்கொடுத்தால் இலை வழியே சுடலாம்.

மூன்றாவது, இடத்தை ஊகிப்பது. அவன் எனக்குத் தெரியவில்லை; ஆனால் நான் அவனுக்குத் தெரிகிறேன். அப்படியென்றால் என்னை நேர்க்கோட்டில் காணக்கூடிய, மறைவுள்ள, தப்பிக்க வழியுள்ள இடத்தில்தான் அவன் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் ஒரு களத்தில் எத்தனை? பெரும்பாலும் இரண்டு, மூன்று. எதுவும் தெரியாமலேயே அந்த இடங்களைக் குறிவைத்துச் சுடலாம். குருட்டுச் சூடு என்கிறோம்.

நான்காவது, துரத்தாதிருப்பது. ஸ்கவுட்டைத் துரத்துகிறவன் அவனைவிட வேகமானவனாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், துரத்தும்போது நாமே நகர்ந்து நம்மைக் காட்டிக்கொடுக்கிறோம். நம் ஸ்கவுட்டை முன்கூட்டியே ஓரிடத்தில் அமர்த்தி, அவன் கடந்தே தீர வேண்டிய வழியைக் காக்கச் செய்வதே முறை. நல்ல ஸ்கவுட் சுட மாட்டான். ஆனால் சாகப்போகும் நிலையில் ஒரு டாங்கி அவன் முன்னால் ஊர்ந்தால் கை துறுதுறுக்கும். அந்தத் தூண்டிலில் விழுந்தவர்கள் பலர்.

ஐந்தாவதுதான் எனக்குப் புரிய நெடுநாள் ஆயிற்று. வேவுகாரன் கண்டதற்கு மதிப்பு, அதை வைத்துச் சுடுவதற்கு அவன் பின்னால் பீரங்கி இருந்தால்தான். அவன் கண்ணை மூட முடியாதபோது, அந்தப் பீரங்கிகளின் வழியிலிருந்து விலகி நின்றால் போதும். அவன் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

இவற்றோடு இன்னொன்றும் சொன்னான். ஸ்கவுட்டாக ஆடுகிறவனுக்கான பாடம் அது. "அக்கா, முத புதர்ல எப்பவும் உக்காராத. அதை எல்லாவனும் சுடுவான். அதுக்குப் பின்னால இருக்கதுல உக்காரு."

என் ஆய்வுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சித்திணைக்குப் பதினான்கு துறைகள் கூறுகிறது. பகைவரின் ஆநிரையைக் கவரப் புறப்படும் படையின் ஆரவாரத்தில் தொடங்கிக் கொடையில் முடியும் வரிசை அது. அதன் மூன்றாம் துறை, பகைவரின் ஒற்றர் அறியாதபடி மறைந்து செல்வது. நான்காம் துறை, அதே மறைவோடு நம் ஒற்றர் போய்ப் பகைப்புலத்தை அறிந்து வருவது. அதாவது, எதிரியின் கண்ணைத் தவிர்ப்பது முதலில் வருகிறது. நம் கண்ணை அனுப்புவது அதற்குப் பிறகு வருகிறது. ஊரை வளைப்பதும் ஆநிரையைக் கொள்வதும் பின்னால்தான். இந்த வரிசையை மாணவப் பருவத்தில் மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆட்டத்தின் முதல் நிமிடத்தில் நன்கு ஆடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்த பிறகுதான் வரிசைக்குக் காரணம் உண்டு என்று பட்டது.

இந்த நான்காம் துறைக்குத் தொல்காப்பியம் தரும் சொல் 'வேய்'. இன்றைய 'வேவு' அதன் வழிவந்தது. அதே வடிவத்தில், கூரை வேய்தல் என்று மூடுதலைக் குறிக்கும் வினையும் நம்மிடம் உண்டு. இரண்டும் ஒரே வேரா, தற்செயலாக ஒத்த வடிவமா என்ற வினாவை இயலின் அடிக்குறிப்பில் வைத்திருக்கிறேன். இங்கே தீர்க்கப் போவதில்லை. மறைப்பதற்கும் மறைந்து பார்ப்பதற்கும் ஒரே ஒலி அமைந்திருப்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரமும் இவ்வியலில் வருகிறது. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதபடி ஆள வேண்டும் என்றும், மூவர் சொல் ஒத்திருந்தால் நம்பலாம் என்றும் சொல்கிறார். ஒற்றரை நம்பாதே என்பதல்ல, தனித்த ஒரு வாயை நம்பாதே என்பதே அதன் சாரம்.

புனேயில் இருந்துகொண்டு ஒற்றைப் பற்றி ஆய்கிறவள் கஸ்பா பேட்டையைத் தாண்டாமல் இருக்க முடியாது. சனிவார் வாடாவுக்கு அருகில் லால் மகால் இருக்கிறது. இன்று நிற்பது பிற்காலத்தில் எழுப்பிய கட்டடம். பழையது சிவாஜி சிறுவயதில் வளர்ந்த வீடு. ஔரங்கசீப்பின் தாய்மாமனும் தக்காணத்தின் சுபேதாருமான சாயிஸ்தா கான் 1660இல் புனேவைக் கைப்பற்றி அந்த வீட்டிலேயே தங்கினார். ஊருக்குள் மராட்டியர் நுழைவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. சுற்றிலும் பெரும்படை. 1663 ஏப்ரலில் ஓரிரவு, சிவாஜி சிறு குழுவோடு உள்ளே புகுந்து கானைத் தாக்கினார். கான் விரல்களை இழந்து உயிர் தப்பினார். அவருடைய மகன் இறந்தான். பின்னர் கான் வங்காளத்துக்கு மாற்றப்பட்டார். அந்தக் குழு கல்யாண ஊர்வலத்தின் மறைவில் ஊருக்குள் வந்தது என்று மராட்டிய மரபு சொல்கிறது. ஒற்றர் தலைவராகப் பஹிர்ஜி நாயக்கின் பெயரை இங்கே பள்ளிக் குழந்தைகளும் அறிவார்கள். மராத்தியில் ஒற்றனுக்கு 'ஹேர்' என்று பெயர். 'ஹேர்ணே' என்றால் உளவு பார்த்தல்.

கானிடம் காவலுக்குக் குறைவில்லை. வெளியே இருந்து யார் வரக்கூடும் என்று காத்துக்கொண்டிருந்தார். தான் படுத்திருக்கும் வீட்டின் ஒவ்வோர் அறையையும் எதிரி சிறுவயது முதலே அறிவான் என்பதற்கு எந்தக் காவலும் உதவவில்லை. இதை நான் தம்பியிடம் பெருமையாகச் சொன்னதுண்டு. அப்போது அது எங்கள் இருவருக்குமே பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனித் தம்பியைப் பற்றி. பொறியியல் முடித்தான். வேலை அமையவில்லை. அரசுத் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லி ஓர் ஆண்டு வீட்டிலிருந்தான். முதல் தேர்வில் தேறவில்லை. அதன்பின் அறைக்கதவு சாத்தியே இருந்தது. மாலையில் வெளியே போவான், இரவு ஒன்பதுக்கு வருவான். எங்கே என்று கேட்டால் "லைப்ரரி" என்பான். அப்பா கேட்பதை நிறுத்திக்கொண்டார். அம்மா என்னை அழைத்தார்.

"ஏளா, அவன் எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்கான். ஒங்கிட்டதான் ராத்திரி பூரா பேசுதான். பேச்சுவாக்குல கேட்டுச் சொல்லு."

நான் ஒப்புக்கொண்டேன். அதில் பிழையொன்றும் இருப்பதாக அப்போது தெரியவில்லை. அம்மாவின் கவலை உண்மையானது. தம்பி என்னோடு பேசுகிறான் என்பதும் உண்மை. ஆட்டங்களுக்கு இடையே, அடுத்த களம் திறக்கும் வரை காத்திருக்கும் அந்த அரை நிமிடங்களில், கேட்பேன். படிப்பு எப்படிப் போகிறது, சாப்பிட்டாயா, யாரோடு சுற்றுகிறாய். அவன் சொல்வதை மறுநாள் காலை அம்மாவிடம் சொல்வேன். வேறெவர் வாயாலும் சரிபார்க்கவில்லை. ஐந்து மாதங்கள் இப்படிப் போயின. நாளடைவில் அவன் பதில்கள் குறுகின. களத்தைப் பற்றி மட்டும் பேசினான். ஆட்டத்தில் ஆழ்ந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாத இரவு ஒன்று. புனேயில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. தம்பி, "அக்கா, இன்னைக்கு பிளட்டூன் வேண்டாம். தனித்தனியா உள்ள போவோம்" என்றான். பிளட்டூனாகச் சேர்ந்தால் இருவரும் ஒரே அணியில் வருவோம். தனித்தனியே, ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால், ஆள் குறைந்த பின்னிரவில் எதிரெதிர் அணிகளில் விழும் வாய்ப்பு உண்டு. மூன்றாம் முயற்சியில் அப்படியே விழுந்தோம். எதிரணிப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. அவன் லைட் டாங்கியில், நான் எஸ்.யு.-100 என்ற சோவியத் டிடியில். களம் புரோகோரோவ்கா. 1943 ஜூலையில் கூர்ஸ்க் போரின்போது பெரும் டாங்கிப் போர் நடந்த இடத்தின் பெயர். விளையாட்டில் அது ஒரு பரந்த வெளி. நடுவே மரங்களும் புதர்களுமாக ஒரு சாலை, கிழக்கே ரயில் பாதை.

இரண்டாம் நிமிடத்தில் எனக்குப் பல்பு எரிந்தது. மேட்டுக்குப் பின்னால் இறங்கிப் பத்து வரை எண்ணினேன். எங்கள் அணியில் இருவர் அடுத்தடுத்து அழிந்தார்கள். நடுச்சாலையில் யாரோ அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் ஆட்கள் முதல் புதரைச் சுட்டார்கள். மீண்டும் மீண்டும் அதையே சுட்டார்கள். நான் பீரங்கியைச் சற்று இடப்புறம் திருப்பி, அதற்குப் பின்னால் இருந்த புதரின் அடியைக் குறிவைத்தேன். அங்கே எதுவும் தெரியவில்லை. தெரிய வேண்டிய தேவையும் எனக்கு இல்லை. முதல் குண்டு பட்டது. டிராக் அறுந்திருக்க வேண்டும், அவன் நகரவில்லை. இரண்டாம் குண்டும் பட்டது. மூன்றாவதில் அவன் பெயர் பட்டியலில் மங்கியது.

கைப்பேசியில் நான் சிரித்தேன். அந்தப் பக்கம் ஒலியே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு சொன்னான்:

"நான் எங்க இருப்பேன்னு ஒனக்குத் தெரியும். அதான் சுட்டே. நான் தெரியவே இல்ல, ஆனா சுட்டே."

"ஆட்டம்தானல."

"கொச்சி இன்டர்வியூ யாருக்குத் தெரியும்க்கா?"

எனக்கு உடனே விளங்கவில்லை. அவனே விளக்கினான். மூன்று வாரங்களுக்கு முன், கொச்சியில் ஒரு நிறுவனம் நேர்காணலுக்கு அழைத்திருப்பதாக என்னிடம் சொல்லியிருந்தான். என்னிடம் மட்டும். அப்படியொரு நேர்காணலே இல்லை. இரண்டே நாளில் அம்மா அவனிடம் புதுச்சட்டை எடுக்கவா என்று கேட்டார். அப்பா பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து, கூடத்தில் வைத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை, பெட்டியை வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வேவுகாரனைக் கண்டுபிடிக்க இது பழைய வழி. ஐயத்துக்குரிய ஒருவனிடம் மட்டும் ஒரு பொய்யைக் கொடுத்துவிட்டு, அது எந்த வாசலில் வெளிவருகிறது என்று பார்ப்பது. போர்ச்சொற்களை ஆண்டுக்கணக்கில் ஆய்ந்தவளை, என் தம்பி அந்த வழியிலேயே பிடித்துவிட்டான். ஐந்து பாடங்களையும் அவன் என்மீது பயன்படுத்தியிருக்கிறான் என்பதை அன்றிரவு தூங்காமல் கிடந்தபோதுதான் உணர்ந்தேன். தன் மீது கண் விழுவது தெரிந்ததும் அசையாமல் நின்றான். பேச்சை விட்டுப் பின்வாங்கினான். பார்ப்பது யார் என்று ஊகித்தான். துரத்தாமல் ஒரு தூண்டிலை வைத்தான். நான் கண்டதற்குப் பின்னால் இருந்த பீரங்கிகளின் வழியிலிருந்து விலகி நின்றான். அந்தப் பீரங்கிகள் அம்மாவின் கண்ணீர், அப்பாவின் மௌனம், சித்தப்பாவின் அறிவுரை.

அவனுக்கு அந்தப் பொய்யில் வெற்றி இல்லை. "அப்பா பெட்டியத் தொடச்சு வச்சதப் பாத்ததுலேருந்து எனக்குச் சோறு எறங்கலக்கா" என்றான். அன்றுதான் மற்றதையும் சொன்னான். தேர்வுக்குப் படிப்பதை எட்டு மாதங்களுக்கு முன்பே விட்டுவிட்டான். மாலையில் போவது நூலகத்துக்கு அல்ல, மார்க்கெட் பக்கம் ஒரு செல்போன் சர்வீஸ் கடைக்கு. முதலில் சும்மா உட்கார்ந்து பார்த்தவன், இப்போது போர்டில் பற்றவைப்பு வரை செய்கிறான். கடைக்காரர் சிறு தொகை கொடுக்கிறார். அந்த வேலை அவனுக்குப் பிடித்திருக்கிறது. இன்ஜினியரிங் படிக்க வைத்த அப்பாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல அம்மா அழைத்தார். "என்ன சொன்னான்?" என்று கேட்டார். நெடுநேரம் யோசித்து வைத்திருந்த பதிலைச் சொன்னேன். "அம்மா, இனிமே அவனப் பத்தி எங்கிட்டக் கேக்காதீங்க. நான் சொல்ல மாட்டேன். அவங்கிட்டயே கேளுங்க. என்ன சொன்னாலும் கோவப்படாமக் கேளுங்க." அம்மா வருந்தினார். நானும் அவனோடு சேர்ந்து எதையோ மறைப்பதாக நினைத்து இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் அவனிடம் சென்று, "இனிச் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பதைவிட, அம்மாவிடம் வெளிப்படையாக மறுப்பதே சரி என்று பட்டது.

அக்டோபரில் தம்பி முதன்முறையாகப் புனேவுக்கு வந்தான். நான்கு நாள் இருந்தான். சிவாஜிநகரிலிருந்து பேருந்தில் அகில்யாநகர் போனோம். 2024 வரை அகமத்நகர் என்று வழங்கிய ஊர். புனேவிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர். இந்தியத் தரைப்படையின் கவசப்படைப் பயிற்சி மையம் அங்கே இருக்கிறது. அதைச் சேர்ந்த டாங்கி அருங்காட்சியகம் 1994இல் திறக்கப்பட்டது. வழியெல்லாம் தம்பி சோஜி லாவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். 1948இல் லடாக் செல்லும் வழியை மீட்க, ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்துக் கணவாய்க்கு ஸ்டூவர்ட் லைட் டாங்கிகளைக் கொண்டுபோனார்கள். அவ்வளவு உயரத்துக்கு டாங்கி வரும் என்று எவரும் எண்ணவில்லை. அந்த எண்ணம் கலையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் திட்டத்தின் உயிர். டாங்கிகளின் மேற்கோபுரங்களைக் கழற்றி, அடையாளம் தெரியாதபடி மறைத்து, ஸ்ரீநகர் வழியே கொண்டுசென்றார்கள். பால்தாலிலிருந்து மேலே கழுதைப் பாதையாக இருந்ததை டாங்கி ஏறும் வழியாக்கியவர்கள் மதராஸ் சேப்பர்ஸ் படையினர். நவம்பர் 1ஆம் நாள் ஏழாம் லைட் கேவல்ரியின் டாங்கிகள் கணவாயில் தோன்றியபோது எதிரணி நிலைகுலைந்தது. திட்டத்தை வகுத்து நடத்தியவர் ஜெனரல் திம்மையா.

"ஸ்கவுட்ட அவங்க தேடவே இல்லக்கா" என்றான். "அவன் பாத்தாலும் புரியாத மாதிரி பண்ணிட்டாங்க."

அருங்காட்சியகத்தில், போரில் கைப்பற்றிய பேட்டன் டாங்கியின் முன் நெடுநேரம் நின்றான். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில், கரும்புத் தோட்டங்களுக்குள் மறைந்து நின்ற இந்திய டாங்கிகளை அறியாமல் முன்னேறி வந்து பேட்டன்கள் பெருமளவில் அழிந்தன. திரையில் விரல்நீளமாகப் பார்த்துப் பழகிய டாங்கி, நேரில் ஒரு வீடளவு இருந்தது. தம்பி அதன் பக்கக் கவசத்தைப் பார்த்தபடியே, என் பக்கம் திரும்பாமல், "ஊருக்குப் போயி அப்பாட்ட நானே சொல்லிருதேன்" என்றான். நான் "சரி" என்றேன். எப்போது, எப்படி என்று கேட்க நாக்கு எழுந்தது, அடக்கிக்கொண்டேன்.

சொன்னான். அப்பா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் தன்னுடைய பழைய கைப்பேசியைக் கொண்டுபோய்க் கடையில் அவன் மேசைமீது வைத்து, "சார்ஜ் நிக்க மாட்டேங்கு, பாரு" என்றாராம். இதைத் தம்பி சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. அப்பாவே அந்தக் கைப்பேசியிலிருந்து என்னை அழைத்துச் சொன்னார்.

நாங்கள் இப்போதும் ஆடுகிறோம், பெரும்பாலும் ஒரே அணியில். எதிரணியின் ஸ்கவுட்டுக்கு எதிராக மேலே சொன்ன ஐந்து பாடங்களும் அங்கே இன்றும் செல்லும், தயங்காமல் பயன்படுத்துங்கள். வீட்டில் ஒருவர் புதருக்குள் இருப்பதாகத் தெரிந்தால் மட்டும் குருட்டுச் சூடு வேண்டாம். ஊகம் சரியாக இருக்கும். அதுதான் அதில் உள்ள தீங்கு. புதருக்கு வெளியே, அவர் காணும்படி நின்று கேட்கலாம். பதில் வர நாளாகும்.

தம்பி இப்போது எந்தப் புதரில் உட்காருகிறான் என்று எனக்குத் தெரியாது. மாற்றிவிட்டதாகச் சொன்னான், இடத்தைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாம் இயலுக்குத் திரும்புகிறேன்.